கடல்மறந்தான் ஏரியில் கொற்றி மூழ்கிய செய்தி

திரு நிலைபெறுக! மாரி பிழையாதொழிக! மேழிவள நாட்டு ஊர்கள் அனைத்தையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், வடமலை அரண் எறிந்து வாகை சூடியவரும், வழக்கென்று வந்தோர்க்கு உண்ணும் பொழுதிலும் வாயில் அடையாதவரும், எம்மை உடையவருமான அவனிநங்கை மாதேவியார் திருவடிகளுக்கு, அவர்தம் ஓலைநாயகமும், முத்திரை மோதிரம் தாங்கி மடைக்குறிச்சிக்கு வந்தவனுமாகிய காரியூர்க்கிழான் சாத்தன் விடங்கன், அவ்வூர் மன்றத்திலிருந்து எழுதுவிக்கும் விண்ணப்பம்.

தேவியார் திருமேனியும், அரண்மனையும், யானையும் குதிரையும், தலைநகரின் குடிகளும் நலமே உளராகுக. அடியேன் நலம், முழங்கால் ஒன்று மட்டும் நலமில்லை. என் ஓலைகள் ஓர் ஏட்டைத் தாண்டுவதில்லை என்பதைத் தேவியார் அறிவீர். இது தாண்டும். எழுதுகிற கரணத்தானும் இடையிடையே எழுத்தாணியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அவனை அதட்டலாமென்றால் என் குரலும் சரியாக இல்லை. ஆகவே பொறுத்துக் கேட்டருள்க.

காரியம் இன்னதென்று முதலில் நினைவூட்டுகிறேன். கடல்மறந்தான் ஏரிக்குக் கீழே நாற்பத்தெட்டு ஊர்கள் கிடக்கின்றன. வெள்ளக் காலத்தில் ஏரி நிறைந்தால், மடை திறக்கும் மடையர் ஒருவர் மூழ்கி, அடிமட்டத்தில் நீர் வெளியேறும் தூம்பை அடைத்திருக்கும் கல்லைப் பெயர்த்துத் திறக்க வேண்டும். திறவாவிடில் கரை உடையும். நான்கு தலைமுறையாக அந்த வேலையும் அதற்குரிய நிலமுமான மடைக்காணி உரிமை ஒரே குடியில் இருந்துவந்தது. அக்குடியின் முத்தன் என்னும் மடையர் ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு மகன் இல்லை. கொற்றி என்று ஒரு மகள். தந்தையோடு கோடைதோறும் மூழ்கி அந்தக் கல்லைத் தொட்டறிந்தவள். தந்தையின் காணி தனக்கு வேண்டும் என்று அவள் அரண்மனைக்கு விண்ணப்பம் செய்தாள். நிறைநீர் நிற்கும்போது பெண் கரைமேல் கால் வைப்பது முறையன்று, வைத்தால் குடும்பத்தோடு ஊர் நீங்குவதே வழக்கம், சிற்றப்பன் மகன் வடகரை நீலனுக்கே காணி போகவேண்டும் என்று ஊர்மன்றம் எதிர்விண்ணப்பம் செய்தது.

அன்று தேவியார் அவையோரை நோக்கி, ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் ஆகுமோ என்று வினவியருளினீர். படைத்தலைவர், வாள் பிடிக்கும் கை எவருடையது என்று வாள் கேட்பதில்லை என்றார். புரோகிதர், இயற்கை பிரித்ததை இணைக்கலாகாது என்றார். அடியேன் எழுந்து, ஆணுக்கு ஒரு கரை, பெண்ணுக்கு ஒரு கரை, இரண்டும் தத்தம் இடத்தில் நின்றால்தான் நடுவே நீர் நிற்கும் என்று சொன்னேன். அவை முழுதும் தலையசைத்தது. நானும் பெருமிதத்தோடு அமர்ந்தேன். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. என் பேச்சைக் கேட்டே தேவியார், காணி நீலனுக்கு என்றும், நிறைநீரில் கரையேறும் பெண் குடும்பத்தோடு ஊர் நீங்கவேண்டும் என்றும் திருவாய் மலர்ந்தருளினீர். ஆணையை எழுதியவன் நான். அதை இவ்வூரில் படித்துக் காட்ட வந்தவனும் நான்.

வந்து சேர்ந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஆணையைப் படிக்குமுன் இருபக்கமும் கேட்பது மரபாகையால் மூன்று நாள் மன்றத்தில் அமர்ந்து கேட்டேன். ஊர்த்தலைவர் பொதியன் கிழார் கண்ணியமான மனிதர், உரத்துப் பேசமாட்டார். பெண்ணை நாங்கள் தாழ்த்துகிறோம் என்று எவர் சொன்னது, விளக்கைப் போற்றுகிறவன் அதைக் காற்றில் கொண்டுபோய் வைப்பானா என்று கேட்டார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் வேம்பி என்று ஒரு கைம்பெண் எழுந்தாள். கொற்றியின் தந்தைக்கு முன் மடையராக இருந்த அவர் தமையனின் மனைவி. கணவனை அந்தத் தூம்பிலேயே பறிகொடுத்தவள். அவள் கொற்றிக்கும் உடன்படவில்லை, கிழாருக்கும் உடன்படவில்லை. அவள் சொல்லைத் திருத்தாமல் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்:

"ஆம்பள சாகுற எடத்துல பொம்பளைக்கும் பங்கு வேணும்னு கேக்குறா. இது ஒரு பங்கா? இவளுக்குப் புத்தி பெரண்டுபோச்சு. நாலு தலமொறையா ஆளை உள்ள எறக்குறீங்களே, அந்தக் கல்லுல ஒரு சங்கிலியக் கோத்து மேலருந்து இழுக்கலாம்னு ஒரு ஆம்பளைக்காச்சும் தோணுச்சா?"

கொற்றியின் கணவன் சேந்தனை அழைத்துக் கேட்டேன். அவன் மண்பானை வனைகிறவன், ஒடிசலான ஆள். அவன் பிடரியைச் சொறிந்துகொண்டு, "அவளால முடியும்யா. எனக்கு நீச்சலே வராது" என்றான். ஊரே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

மன்றத்துக்குள் பெண்கள் சாட்சி சொல்ல மட்டும் வரலாம், வழக்காட வரலாகாதாம். எனவே கொற்றி வெளியே மழையில் நின்றாள். அவளிடம் நானே போய், இந்தக் காணி உனக்கு எதற்கு, நீ ஆணுக்கு நிகர் என்று காட்டவா என்று சற்று எகத்தாளமாகக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கும் நிகரா ஆகுறதுக்கு இல்லீங்க. எனக்குத் தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான். எங்கப்பன் செஞ்சாரு, நான் செய்யறேன். நீங்க ஓல எழுதறீங்களே, யாருக்கு நிகர்னு காட்டவா எழுதறீங்க?" என்றாள். மூக்கறுபட்டுத் திரும்பி வந்தேன். வந்து, மறுநாள் காலை ஆணையைப் படிப்பதென்று நாள் குறித்தேன். மூக்கறுபட்ட கோபமும் அதில் கொஞ்சம் இருந்தது.

மறுநாள் ஆணையைப் படிக்க ஏரி விடவில்லை. விடியுமுன்பே நீர் கரையின் எச்சரிக்கைக் கல்லைத் தொட்டது. பறை முழங்கியது, ஊரே கரையடியில் கூடியது. இங்கே இவ்வூர் வழக்கம் ஒன்றைத் தேவியார் அறிந்துகொள்ள வேண்டும். மடையர் மூழ்குமுன் அவர் மனைவி, குடத்தில் மொண்டு தரும் ஏரிநீரில் நனைந்து, தன் தாலியைக் கழற்றிக் கரையடியில் உள்ள பிடாரி கல்லின்மேல் வைத்து, அவர் எழுந்து வரும்வரை ஈரச் சேலையோடு அங்கேயே அமர்ந்திருப்பாள். அப்போது முதல் மடையர் இறந்தவராகக் கொள்ளப்படுவார். செத்தவனை ஏரி மறுபடி கொல்லாது என்பது இவர்கள் கணக்கு. இச்சடங்கு இல்லாமல் எவரும் நீரில் இறங்கியதில்லை.

நீலனின் மனைவி அவ்வாறே செய்தாள். நீலன் மூழ்கினான். நல்ல உடல்வலு உள்ள இளைஞன். ஆனால் அந்த ஆழத்தை அவன் கண்டதில்லை. முதல்முறை வெறுங்கையோடு எழுந்தான். இரண்டாம் முறை எழுந்தபோது இரு காதிலும் இரத்தம். மூன்றாம் முறை இறங்கப் போனவன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் ஊரார் அனைவர் முன்னிலையிலும், "என்னால ஆவலை. அக்காவக் கூப்புடுங்க. அவளுக்குத்தான் அந்தக் கல்லு தெரியும்" என்று சொல்லி அழுதான். காணிக்கென்று ஊர் நிறுத்தியவன் தன் வாயாலே சொன்ன சொல் அது. சொல்வதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆயினும் மறைக்கமாட்டேன். பெண் கரையேறலாமா என்ற கேள்வியைக்கூட மக்கள் அச்சத்தில் விட்டுவிட்டார்கள். வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. மடையர் பெண்ணென்றால் தாலி கழற்றுவது யார்? கணவன் கழுத்தில் தாலி ஏது? சடங்கு இல்லாமல் இறங்கினால் ஏரி அவளை உயிரோடு இருப்பவளாகக் கண்டு கொன்றுவிடுமே! மாமியார் கழற்றலாம் என்றார் ஒருவர். கழற்றினால் செத்தவர் மாமனார் ஆவார் என்றார் இன்னொருவர். கணவன் தலையை மழிக்கலாம் என்று முடிவாகி, நாவிதரைத் தேடி ஆள் ஓடிற்று. பொதியன் கிழார் என்னிடம், ஓலைநாயகம் அறிந்த முன்வழக்கு ஏதும் உண்டோ என்று கேட்டார். தேவியாரே, நாற்பத்தெட்டு ஊர்களும் கீழே கிடக்க, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று அவரை அதட்ட வேண்டிய நான், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெட்டியைக் கழற்றலாமா என்பது குறித்துத் தென்கோட்டத்து வழக்கு ஒன்றை எடுத்துரைத்தேன்! ஒரு நாழிகை வாதித்தோம். அந்த நாழிகையில் நீர் நான்கு விரல் ஏறியது. படித்தவன் செய்யும் மூடத்தனத்துக்கு ஓர் அளவே இல்லை.

எங்களைப் பார்த்துக்கொண்டே நின்ற சேந்தன் போய் ஏரியில் ஒரு முழுக்குப் போட்டான். நீச்சல் தெரியாதவன், படித்துறைக் கல்லைப் பிடித்துக்கொண்டே முழுகினான். ஈர வேட்டியோடு வந்து, கொற்றியின் கழுத்திலிருந்த தாலியை அவிழ்த்தான். பிடாரி கல்லின்மேல் வைத்தான். மடையர் மனைவியர் அமரும் இடத்தில், எந்த ஆணும் இதுவரை அமராத இடத்தில், காலை மடக்கி அமர்ந்தான். "கட்டுனவன் நான். அவுக்கவும் நான்தான். அவ வந்ததும் மறுபடி கட்டுவேன். வரலேன்னா என்னை எழுப்பாதீங்க" என்றான். கூட்டத்தில் எவனோ ஒருவன் சிரித்தான். சேர்ந்து சிரிக்க ஒருவரும் இல்லை.

கொற்றி கரையேறினாள். ஆணை ஓலை என் இடுப்பில் இருந்தது. அவள் கால் கரையில் பட்டதும் அதைப் படிக்க வேண்டியது என் கடமை. நான் ஓலையை எடுக்கவில்லை. அவள் என்னருகே வந்தபோது, "தள்ளி நில்லுங்கய்யா, கரை வழுக்கும்" என்றாள். அவ்வளவுதான். இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆண்கள் தயங்கி நின்றபோது, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, கரையடியில் நின்றபடியே அதை வாங்கியவள் வேம்பி. நீதான் இதை எதிர்த்தாயே என்று கேட்டேன். "இப்பவும் எதுக்கத்தான் செய்யறேன். அதுக்காக விட்டுருவேனா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

மூழ்கினாள். பறையடிப்பவர் எண்ணத் தொடங்கினார். நீலன் எண்பது வரை நீருக்குள் தாங்கினான். நூறு ஆயிற்று. நூற்றிருபது ஆயிற்று. வேம்பியின் கையில் கயிறு அசையாமல் இருந்தது. நூற்றைம்பதில் பறையடிப்பவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். எண்ணச் சொல்ல எவருக்கும் துணிவில்லை. நான் என் வாழ்நாளில் வேண்டாத தெய்வங்களையெல்லாம் வேண்டினேன்.

அப்போது காலடியில் கரை அதிர்ந்தது. இடிபோல ஒரு முழக்கம் நிலத்துக்குள்ளிருந்து வந்தது. கீழே வாய்க்காலில் செந்நீர் பனைமர உயரத்துக்கு எழும்பிப் பாய்ந்தது. ஊரே கூவியது. ஆனால் அவள் வரவில்லை. வேம்பி கயிற்றை இழுத்தாள். அறுந்த முனைதான் வந்தது. சேந்தன் கல்லைவிட்டுத் தலை நிமிரவில்லை. பிறகு, ஐயையோ, எப்படிச் சொல்வேன், முப்பது முழம் தள்ளி ஒரு கை தெரிந்தது, பிறகு தலை. அவளே நீந்தி வந்தாள். விரல்களில் நகமே இல்லை. வந்தவள் நேரே போய்ச் சேந்தன் முன் நின்று கழுத்தை நீட்டினாள். அவன் தாலியைக் கட்டினான்; மூன்று முறை முடிச்சு நழுவிற்று. நான்காம் முறைதான் விழுந்தது.

நான் மூன்று போர்க்களம் கண்டவன். யானையை ஒற்றை ஆளாய் மறித்தவனைக் கண்டிருக்கிறேன். அங்கெல்லாம் வியந்து நின்றவன், இங்கே என்னையே மறந்தேன். நாற்பத்தெட்டு ஊர்களின் உயிரை ஒருத்தி மூச்சுக்குள் பிடித்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்தாள். கைகளைத் தலைக்கு மேல் கூப்பியதை நான் அறியேன். பிடாரியே வந்தாள் என்று எவரோ அலற, ஊர் முழுதும் அவள் காலில் விழுந்தது. முதலில் விழுந்தவர் பொதியன் கிழார். இந்த முழங்காலோடு நானும் விழுந்தேன். எழுந்திருக்க இருவர் தூக்க வேண்டியிருந்தது.

எழுந்த கிழார் எல்லாச் சிக்கலுக்கும் தீர்வு கண்டவராய் மலர்ந்தார். மூழ்கியது கொற்றி அல்லள், கொற்றியின் மேல் வந்த பிடாரி. ஆதலால் பெண் எவளும் கரையேறவில்லை, வழக்கமும் உடையவில்லை, எவரும் ஊர் நீங்கவும் வேண்டாம். கொற்றிக்குக் கோயில் எடுத்து ஆண்டுதோறும் பொங்கலிடுவோம், மடைக்காணி நீலனிடமே இருக்கட்டும் என்றார். ஊர் ஆரவாரித்தது. எனக்கும் உச்சி குளிர்ந்தது; தேவியார் ஆணையும் பிழைத்தது, அந்தப் பெண்ணும் பிழைத்தாள் என்று கரணத்தானை ஓலை நறுக்கச் சொல்லிவிட்டேன்.

கொற்றி வேண்டாம் என்றாள்.

"சாமின்னு சொல்லிட்டா கும்புட்டுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவீங்க. மனுசின்னு சொன்னாத்தான் வேலையக் குடுக்கணும். கீழ எனக்கு மூச்சு முட்டுச்சு. சாமிக்கு முட்டுமா? பயத்துல அழுதேன். தண்ணிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்? கல்லப் பெரட்டுனது இந்தக் கை. நான் கொற்றி. எங்கப்பன் காணிய எனக்குக் குடுங்க. எந்திரிங்க எல்லாரும்."

கிழாரின் முகம் கறுத்தது. நீ தெய்வம் அல்லை என்றால் பெண். பெண் என்றால் நிறைநீரில் கரையேறியவள். ஊர் நீங்கவேண்டும், உன் கணவனும்தான், இதை அறிந்துதான் பேசுகிறாயா என்று கேட்டார். தெரியும் என்றாள். "போகச் சொன்னாப் போறோம். ஆனா போறவ கொற்றியாத்தான் போவா" என்றாள். சேந்தன் அதற்குள் எழுந்து, சக்கரத்தை எடுத்துக் கட்டவா என்று அவளைக் கேட்டான்.

தேவியாரே, ஏரிக்குள் அவள் போனபோது எனக்கு ஏற்பட்ட வியப்பைவிட இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. ஊரே காலடியில் கிடக்கிறது. தெய்வமாக இருந்துகொள் என்று கெஞ்சுகிறது. அதைத் தள்ளிவிட்டு, ஊரைவிட்டு விரட்டப்படும் ஒரு பெண்ணாக இருப்பேன் என்று சொல்கிற துணிவு எந்த ஆழத்திலிருந்து வந்ததோ, நான் அறியேன். நாங்கள் விழுந்து வணங்கியதும் அவளைக் கரையைவிட்டு இறக்குகிற ஒரு வழிதான் என்று அவள் அக்கணமே கண்டுகொண்டாள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை.

ஆகவே தேவியாரின் ஆணையை நான் படிக்கவில்லை. முத்திரை உடையாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஓர் ஆணையைப் படிக்க மட்டும் தந்த மோதிரத்தால் வேறோர் ஆணையை இட்டுவிட்டேன். அதன் வாசகம் இது. கடல்மறந்தான் ஏரியின் மடைக்காணி முத்தன் மகள் கொற்றிக்கு உரியது. அவள் வழியில் மகனாயினும் மகளாயினும் மூழ்க வல்லவர்க்கே அது சேரும். நீலன் தானே விரும்பிக் கேட்டபடி அவள்கீழ் இரண்டாம் மடையராய் நிற்பான். மூழ்குபவர் எவராயினும், அவரைக் கொண்டவர் ஆணாயினும் பெண்ணாயினும், பிடாரி கல்லருகே அமர்வார். வேம்பி கேட்ட சங்கிலியைக் கொல்லர் இக்கோடைக்குள் அடித்துக் கோக்கவேண்டும். அது நிலைக்கும் நாளில் எவரும் இறங்க வேண்டியதில்லை.

இதனால் ஊர் ஒருமனப்பட்டது என்று பொய் எழுதமாட்டேன். பொதியன் கிழார் மன்றத்தைவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் பின்னே பாதிப்பேர் போனார்கள், அவர்களில் பெண்களும் உண்டு. கிணற்றடியில் சேந்தனைக் கேலி பேசுகிறார்கள். அவன் கேட்டுக்கொண்டே பானை வனைகிறான். நான் வரம்பு மீறியது குற்றமாயின் தண்டம் எனக்கு. ஓலைநாயகப் பட்டத்தையும் காரியூரையும் திருவடியில் வைத்தேன். தேவியார் திருவுள்ளம் இதற்கு இசையாதாயின், கொற்றியை ஊர் நீங்கச் சொல்லும் சொல்லை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பி அருள்க. அவள் முகத்தைப் பார்த்து அதைப் படிக்க என்னால் ஆகாது.

இதை எழுதுவிக்கும் இப்போது மலைப்பக்கம் மறுபடியும் கறுத்திருக்கிறது. கைவிரல்களில் துணி சுற்றிக்கொண்டு அவள் கரைமேல் நின்று நீரைப் பார்க்கிறாள். கரையைவிட்டு இறங்கச் சொல்ல எவரும் வரவில்லை.

மழையும் முறையும் தேவியாரைத் தொடர்ந்து வருக. ஏடு ஒன்பது, நூல் ஒன்று, முத்திரை ஒன்று. மறு ஓலை வரும் அளவும் கடல்மறந்தான் ஏரிக்கு மடையர் கொற்றி. இது ஆணை.

இவை சாத்தன் விடங்கன் எழுத்து.